கேமராவையும் நிலைம உணரியையும் ரோபோவில் இணைப்பது எப்படி?

ரோபோ தன் இருப்பிடத்தைத் தானே கணிக்க இவை இரண்டும் சேர்ந்து உதவும். ஒற்றைக் கேமரா தான் முன்பு பார்த்த இடத்தை மீண்டும் அடையாளம் காணும். ஆனால் வேகமாகத் திரும்பினால் படம் கலங்கிவிடும், தொலைவை மீட்டர் கணக்கில் சொல்லவும் அதனால் இயலாது. ஐ.எம்.யூ. எனப்படும் நிலைம உணரி, முடுக்கமானியால் முடுக்கத்தையும் ஜைரோஸ்கோப்பால் சுழல்வேகத்தையும் வினாடிக்கு 200 முறையோ அதற்கு மேலோ அளவெடுத்து இந்தக் குறையைப் போக்கும். எனினும் அதை மட்டும் நம்ப முடியாது: முடுக்கமானியில் 0.05 மீ/வி² அளவுக்கு மாறாத பிழை இருந்தாலே, 10 வினாடியில் இருப்பிடம் 2.5 மீட்டர் விலகிவிடும்.

படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் கேமராவைத் தேர்ந்தெடுத்து, உணரியையும் அதையும் வளையாத ஒரே தகட்டில் இறுக்கிப் பொருத்துங்கள்.

அடுத்தது நேர ஒத்திசைவு. மென்பொருளைத் தேர்வதைவிட இதுவே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ரோபோ வினாடிக்கு 100 பாகை வேகத்தில் திரும்பும்போது இரண்டின் நேரக்குறிப்புகளும் 10 மில்லிவினாடி பிசகினால், கோணத்தில் 1 பாகை பிழை நேரும். குவியத் தொலைவு 460 பிக்சல் கொண்ட கேமராவில் அது ஏறத்தாழ 8 பிக்சல் ஆகும். படப்புள்ளிகளை ஒரு பிக்சலுக்கும் குறைவான பிழையோடு பின்தொடர முயலும் கணிப்பில் இது மிகப் பெரிது. எனவே இரண்டையும் ஒரே மைக்ரோகன்ட்ரோலரின் கடிகாரத்தில் ஓடவிட்டு, படம் கணினிக்கு வந்து சேர்ந்த நேரத்தை விடுத்து, கேமரா ஒளியை ஏற்கும் நேரத்தின் நடுக்கணத்தையே நேரக்குறிப்பாக இடுங்கள். சரிபார்க்க, தகட்டைக் கையில் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பி, ஜைரோஸ்கோப் காட்டும் சுழல்வேகத்தையும் படங்களிலிருந்து கணித்த சுழல்வேகத்தையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும்.

பின்னர் உணரியைச் சில மணி நேரம் அசையாமல் வைத்துப் பதிவெடுத்து, பிழை காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று காட்டும் ஆலன் மாறுபாட்டு முறையில் அதன் இரைச்சலை (அளவீட்டில் கலக்கும் தற்செயல் ஏற்ற இறக்கத்தை) அளவிடுங்கள். மலிவான உணரிகளில் இம்மதிப்பைச் சில மடங்கு கூட்டி மென்பொருளுக்குக் கொடுப்பதே பாதுகாப்பானது, ஏனெனில் ஓடும் ரோபோவின் அதிர்வு அசையாத பதிவில் தெரியாது. கேமராவுக்கும் உணரிக்கும் இடையிலான நிலை, கோணம், எஞ்சிய நேர வேறுபாடு ஆகிய மூன்றையும் காலிபர் என்ற திறந்த மென்பொருள் கணித்துத் தரும். அதற்கான பதிவில் தகட்டை மூன்று அச்சுகளிலும் நன்றாக அசைக்க வேண்டும்.

தரவுகளை இணைக்கும் நிரலை நீங்களே எழுதத் தொடங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அளவீடும் வரவர மதிப்பீட்டைத் திருத்தும் வடிகட்டி வகைக்கு ஓப்பன்வின்ஸ், அண்மை அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பிழையைக் குறைக்கும் உகப்பாக்க வகைக்கு வின்ஸ்-மோனோ என இரண்டும் திறந்த மூலமாகக் கிடைக்கின்றன. தொடக்கத்தில் ரோபோவை முடுக்கியும் திருப்பியும் ஓட்டுங்கள். சீரான வேகத்தில் நேர்க்கோட்டில் சென்றால் ஒற்றைக் கேமரா அமைப்பால் தொலைவின் அளவுகோலைக் கண்டறிய முடியாது. சக்கர ரோபோக்கள் பெரும்பாலும் அப்படியே ஓடுவதால், அவற்றில் சக்கரம் சுழன்ற அளவைக் கணக்கிடும் சக்கர என்கோடரையும் சேருங்கள். முன்பின், பக்கவாட்டுச் சாய்வுகளைப் புவியீர்ப்பு திருத்திவிடும். திசைக்கோணமும் இருப்பிடமும் மெல்ல விலகிக்கொண்டே போகும் என்பதால், பழைய இடத்துக்குத் திரும்பும்போது அதை அடையாளம் கண்டு திருத்தும் வசதியை இயக்கி வையுங்கள்.