பால் பையை ஜக்கில் வைக்கும் முறை

கனடாவில் ஒன்ராறியோ, கியூபெக் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களைக் கடையில் திகைக்க வைப்பது பால் பை. ஒரு பெரிய பைக்குள் மூன்று சிறிய பைகள், மொத்தம் 4 லிட்டர். மேற்கு மாகாணங்களில் இதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது.

சிறிய பையிலிருந்து நேராக ஊற்றிவிடாதீர்கள். இதற்கென்றே பிளாஸ்டிக் ஜக் மலிவாகக் கிடைக்கும். பையை உள்ளே நிறுத்தி, ஜக்கின் அடியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். இதை விட்டுவிட்டால் பை சரியாக உட்காராது; ஊற்றும்போது முன்னால் சரிந்து பால் முழுக்க மேசையில்தான். அப்புறம் பையில் ஜக்கின் மூக்குப் பக்கத்து மூலையை மட்டும், சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் பால் கட்டுக்கடங்காமல் கொட்டும். எதிர் மூலையில் ஒரு சின்னத் துளை போட்டால் காற்று புகுந்து பால் சீராக விழும்.

வெட்டிய பை திறந்தே இருக்கும் என்பதால் மீன், வெங்காயம் பக்கத்தில் வைக்க வேண்டாம், வாசனை ஏறிவிடும். தேதியைப் பெரிய பையில் பாருங்கள். அந்தப் பையையும் எறியாதீர்கள்: சிலர் அவற்றைக் கீற்றாக வெட்டிப் பாய் பின்னி, இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.