பிடித்த இசைக்குழுவை நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது

பிற நாட்டு ராக், நாட்டுப்புறக் கலைஞர்களை நண்பருக்கு அறிமுகப்படுத்தும்போது, இருபது பெயர்களை ஒரே மூச்சில் அடுக்காமல், ஒரே ஒரு பாடலையும் அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். மங்கோலியாவின் ‘தி ஹூ’ குழு என்றால், மின்கிதாரின் முழக்கத்துக்கு நடுவே ஒலிக்கும், குதிரைத்தலை செதுக்கிய இருதந்தி ‘மொரின் கூர்’ இசைக்கருவியையும், அடித்தொண்டையிலிருந்து உறுமலாக எழும் குரலையும் குறிப்பிடலாம். மொழி புரியாதவரும் அதைப் பற்றிக்கொண்டு கேட்பார். நாட்டின் பெயரை மட்டும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் லண்டனில் 1964இல் உருவான புகழ்பெற்ற ராக் குழுவின் பெயரும் தமிழில் எழுதினால் ‘தி ஹூ’தான்! பாடலை இயற்றியவர் வேறொருவர் என்றால் அதையும் சொல்லலாம்: அர்ஜென்டினாவின் மெர்சிடஸ் சோசா பாடிய ‘கிராசியாஸ் ஆ லா விதா’ சிலி நாட்டு வியோலெட்டா பாரா இயற்றியது என்று தெரிந்தால், கேட்பவர் அடுத்து யாரைத் தேடுவது என்று உங்களைக் கேட்கவே மாட்டார்.