பழைய காருக்குப் புது எர்த்: பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர்களை நானே புதிதாகப் போட்ட முறை

சென்ற சாரல் பருவத்தில் ஓர் இரவு, செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு என் 1997 மாருதி 800-இல் ஏறிக்கொண்டிருந்தேன். புளியரை தாண்டி வளைவுகள் தொடங்கும் இடத்தில் வைப்பரைப் போட்டதும் ஹெட்லைட் மங்கியது. இண்டிகேட்டரைப் போட்டால் டெம்பரேச்சர் முள்ளும் அதனோடு சேர்ந்து துடித்தது. பேட்டரி வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொன்னார்கள். நல்லவேளையாக, அதற்கு முன் அளந்து பார்த்தேன்.

எஞ்சின் ரப்பர் மவுண்டின்மீது உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையே மின்சாரம் போய்வர ஓர் எர்த் பட்டைதான் வழி (எர்த் என்பது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை). அந்தப் பட்டையில் பச்சைக் களிம்பு ஏறினால் ஆல்டர்னேட்டர் எவ்வளவு உழைத்தாலும் பேட்டரிக்கு முழுதாகப் போய்ச் சேராது.

அளப்பதற்கு மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அடுத்து ஆல்டர்னேட்டரின் மின்சாரம் வெளியே வரும் பி முனையிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கும், ஆல்டர்னேட்டரின் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கும் தனித்தனியாக அளந்து பாருங்கள், ஒவ்வொன்றும் 0.2 வோல்ட்டுக்குள் நிற்பது நல்லது. மீட்டர் முனையை, ஒயரைப் பேட்டரியில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில் அல்லாமல் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வைக்க வேண்டும். இல்லையென்றால் கிளாம்புக்கும் குமிழுக்கும் இடையிலுள்ள கோளாறு தப்பிவிடும். என் காரில் ஆல்டர்னேட்டரிடம் 14.2 வோல்ட் இருந்தது, பேட்டரியிடம் 13.1 வோல்ட்தான் இருந்தது. காணாமல் போன 1.1 வோல்ட்டில் 0.48 பாசிட்டிவ் ஒயரிலும் 0.62 எர்த்திலும் தொலைந்திருந்தது. ஹாலஜன் விளக்கில் வோல்டேஜ் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது குறைந்துவிடும் என்பதால், இது சிறிய இழப்பு அல்ல.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்றும் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் டையோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும்.

ஒயரைப் பொறுத்தவரை, சிறிய காருக்கு 16 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் என் தேர்வு. மெல்லிய இழைகளால் ஆனதால் எஞ்சின் அதிர்வுக்கு வளைந்து கொடுக்கும். ஒரு மீட்டர் நீளத்தில் 40 ஆம்பியர் ஓடினாலும் 0.05 வோல்ட் அளவே இழப்பாகும். கடையில் வெட்டித் தருவதற்கு முன் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். லக்குகளை, அதாவது கேபிளின் நுனியில் மாட்டும் உலோக வளையங்களை, சுத்தியலால் தட்டி நசுக்காமல், வீட்டு பேனல் வேலை செய்யும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி வாங்குங்கள். சால்டரிங் செய்வதை நான் விரும்புவதில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கம்பி விறைத்துவிடுவதால், ஈயம் முடியும் இடத்தில் அதிர்வினால் முறிகிறது.

மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதை கடைசியாக மாட்டுங்கள். போட வேண்டியவை மூன்று ஒயர்கள்: பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒன்று, ஆல்டர்னேட்டரின் பி முனையிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு ஒன்று. பழைய ஒயர்களை அகற்ற வேண்டாம்; புதியவை அவற்றுக்குத் துணையாக ஓடட்டும்.

நான் சறுக்கியது எர்த் லக்கை மாட்டிய இடத்தில்தான். புது கேபிள், புது லக், புது போல்ட்டு எல்லாம் போட்டு முறுக்கிய பிறகும் 0.62 வெறும் 0.58 ஆயிற்று. மீட்டரை மின்தடை அளக்கும் ஓம் அளவில் வைத்தால் 0.3 காட்டியது, அதன் இரு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.3 காட்டியபோதுதான், இந்த வேலைக்கு ஓம் அளவு உதவாது என்று புரிந்தது. ஆரியங்காவில் எல்லோரும் ஆசான் என்றழைக்கும் மூத்த எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் போல்ட்டைக் கழற்றி லக்கைத் திருப்பிப் பிடித்தார். அடிப்பக்கம் வாங்கியபோது இருந்தது போலவே பளபளத்தது. பாடியில் பெயின்ட்டின்மீது ஒரு வட்டத் தடம் மட்டுமே பதிந்திருந்தது. "தம்பி, பெயின்ட்டுக்கா எர்த் கொடுத்தீங்க?" என்று கேட்டார். அத்தனை மின்சாரமும் போல்ட்டின் துருப்பிடித்த மரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே லக்கைவிடச் சற்றுப் பெரிய வட்டமாகப் பெயின்ட்டைப் பிளேடால் சுரண்டி, பிறகு 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, தகடு எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகம் போல மின்னும்வரை விடாதீர்கள். பெயின்ட்டின் அடியிலிருக்கும் சாம்பல் நிற பிரைமரைத் தகடு என்று நினைத்து நிறுத்திவிடுவது எளிது. அதுவும் போக வேண்டும். மரையையும் கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள். லக் தகட்டை நேராகத் தொட வேண்டும். வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் லக்குக்கு மேலே வர வேண்டும், அடியில் அல்ல. முறுக்கி முடித்த பிறகு சுற்றிலும் வாசலின் தடவுங்கள். சாரல் காற்றில் சுரண்டிய தகடு சீக்கிரம் துருவேறும். இப்படிச் செய்ததும் 0.58 என்பது 0.06 ஆயிற்று.

ஆல்டர்னேட்டர் ஒயருக்கு ஃபியூஸ் கட்டாயம், அதுவும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். அந்த ஒயர் எங்காவது உராய்ந்து பாடியைத் தொட்டால், பேட்டரியின் முழு பலமும் அதன் வழியே பாய்ந்து தீப்பிடிக்கும். ஃபியூஸின் அளவு ஆல்டர்னேட்டரின் ஆம்பியரைவிடக் கூடுதலாகவும் கேபிள் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருக்கட்டும். ஒயரைச் சைலன்சர் குழாய்க்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் அசைவதற்குச் சற்றுத் தளர்வும் விடுங்கள்.

பின்சேர்க்கை: சற்றுப் புதிய கார் வைத்திருக்கும் ஒருவருக்கு நெகட்டிவ் கிளாம்பிலேயே மின்சாரத்தை அளக்கும் சென்சார் இருந்தது. அப்படியிருந்தால் புது எர்த்தைப் பேட்டரிக் குமிழில் மாட்டாமல், சென்சாருக்கு அப்பால் பாடிப் பக்கத்தில் மாட்டுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: புனலூரிலிருந்து ஒரு வாசகர், செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் ஆக்ஸிலேட்டர் கேபிள் சூடாகிறது என்று எழுதியிருந்தார். அவர் காரில் எஞ்சின் எர்த் அறுந்துபோய், ஸ்டார்ட்டரின் மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. உங்கள் ஆக்ஸிலேட்டர் அல்லது கிளட்ச் கேபிளின் உறை உருகியிருந்தால், புதிய கேபிள் வாங்குவதற்கு முன் எஞ்சின் எர்த்தைப் பாருங்கள்.