கடை டீ ருசி வீட்ல வரணுமா, டிகாஷனை தனியா இறக்குங்க

எம்புட்டு நல்ல தூள் வாங்கி போட்டாலும் வீட்டு டீ கடை டீ மாதிரி வரமாட்டேங்குதுன்னு மதுரைல கேக்காத வீடே கிடையாது. தூள் மேல பழிய போட்டு பிராண்ட மாத்திக்கிட்டே இருப்பாங்க. நம்ம வீடுகள்ல என்ன நடக்குதுன்னா தண்ணி, பால், தூள், சீனி எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல கொட்டி பொங்க விட்டு, தணிச்சு, மறுபடி பொங்க விட்டு, நல்லா நிறம் வர்ற வரைக்கும் காய்ச்சிக்கிட்டே இருப்போம். நிறம் வந்துரும், மணம் பூரா ஆவியோட போயிரும், மிச்சம் இருக்கறது கசப்புதான்.

மாட்டுத்தாவணி பக்கமோ டவுன்ஹால் ரோட்டுலயோ ஒரு டீக்கடைல நின்னு மாஸ்டரோட கைய கவனிச்சு பாருங்க. தூள் துணி வடிகட்டிக்குள்ள கிடக்கும், பாய்லர்ல கொதிக்கிற தண்ணிய பிடிச்சு அது மேல ஊத்துவாரு, இறங்குன டிகாஷன திரும்ப ஒருக்கா அதே துணி வழியா விடுவாரு, பால் தனியா ஒரு பக்கம் சூடா இருக்கும், ரெண்டும் சேர்றது கிளாஸ்ல வச்சுதான். தூள் அடுப்பு மேல நேரா கொதிக்கிறதே இல்ல. அத அப்படியே வீட்டுக்கு கொண்டு வரலாம், ஒரு துணி வடிகட்டியும் ஒரு மக்கும் இருந்தா போதும்.

முதல்ல தண்ணி. தயவுசெஞ்சு போர் தண்ணில டீ போடாதீங்க. நம்ம ஊர்ல நிறைய ஏரியால போர் தண்ணி உப்பா இருக்கும், பாத்திரத்து அடில வெள்ளை வெள்ளையா படியுதுல்ல, அந்த சுண்ணாம்புச் சத்து டீயோட சேந்துதான் மேல மெல்லிசா ஒரு ஏடு கட்டுது, நிறத்தையும் மங்கடிச்சிரும். கார்ப்பரேஷன் குழாய்ல வர்ற வைகை தண்ணி கிடைச்சா ரொம்ப நல்லது, இல்லாட்டி கேன் தண்ணி.

தூள்னா பால் டீக்கு டஸ்ட்டுங்கிற ரொம்ப பொடிசான ரகம்தான். இலைய நசுக்கி, கிழிச்சு, சுருட்டி குருணையா ஆக்குற சி.டி.சி முறை 1930கள்ல அஸ்ஸாம்ல வந்தது, பொடிசா இருக்கறதால மூணு நாலு நிமிஷத்துல சாறு மொத்தமும் இறங்கிரும், பால் ஊத்துனாலும் திடம் குறையாது. பெரிய பெரிய இலையா வர்ற ஆர்த்தடாக்ஸ் டீல பால ஊத்துனா வாசமே தெரியாது, அத பால் இல்லாம குடிக்கிறதுதான் அதுக்கு மரியாதை. சின்னமனூர் ஏறி மேகமலை போறவங்க, போடி வழியா மூணாறு போறவங்க அங்க கொஞ்சம் தூள் வாங்கிட்டு வாங்க, புதுத்தூளோட வாசமே வேற. லூஸ்ல வாங்குற தூள் மேல சந்தேகம் இருந்தா ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பர நனைச்சு அது மேல ஒரு சிட்டிகை தூவிப் பாருங்க, தூவுன உடனே சாயம் ஓடுச்சுன்னா கலர் கலந்த தூள். நல்ல தூள் பச்சைத்தண்ணில அவசரப்பட்டு நிறம் விடாது. அப்புறம் டீத்தூள மல்லித்தூள் மசாலா இருக்கற அலமாரில வைக்காதீங்க, பக்கத்துல இருக்கற வாசத்தையெல்லாம் இழுத்துக்கும்.

ரெண்டு பேருக்கு அளவு சொல்றேன். தண்ணி 150 மில்லி, தூள் ரெண்டு டீஸ்பூன், அதாவது 5 கிராம் வாக்குல, பால் 180 மில்லி. மக்க முதல்ல வெந்நீர் ஊத்தி அலசிக்கங்க, சில்லுன்னு இருந்தா டிகாஷன் சூடு இறங்கிரும். துணிக்குள்ள தூள போட்டு, தளதளன்னு கொதிக்கிற தண்ணிய ஊத்தி, துணி டிகாஷன்ல முங்கி இருக்கற மாதிரி மூடி போட்டு வைங்க, நாலு நிமிஷம், அதுக்கு மேல வேணாம். தூக்கி, டிகாஷன ஒரே ஒரு தடவை திரும்ப துணி வழியா விட்டுருங்க. துணி இல்லாதவங்க கொதிக்கிற தண்ணில தூள போட்ட கையோட அடுப்ப அணைச்சு மூடிருங்க, நாலு நிமிஷம் கழிச்சு வடிகட்டுங்க.

பால்ல தண்ணி சேக்க வேணாம், டிகாஷன்ல இருக்கற தண்ணியே போதும். ஆவின்ல நீல பாக்கெட் 3 சதவீதம் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. எனக்கு பச்சைதான் சரின்னு படும், ஆரஞ்சுல கெட்டியா இருக்கும் ஆனா தூளோட ருசிய அமுக்கிரும். ஒரு பொங்கு வந்ததும் தீய குறைச்சு ரெண்டு நிமிஷம் விடுங்க.

இஞ்சி போடுறவங்க தட்டி தண்ணிலயே போட்டு கொதிக்க விடுங்க. பச்சை இஞ்சில பால் புரதத்த உடைக்கிற ஒரு நொதி இருக்கு, காயாத பால்ல போட்டா திரிஞ்சிரும், கொதிச்சா அந்த நொதி செத்துரும். ஏலக்கா தோலோட ஒண்ணு நசுக்கி தூள் கூடவே போட்டா போதும். கருப்பட்டி, வெல்லம்னா கடைசில கிளாஸ்ல போட்டு கலக்குங்க, கொதிக்கிற பால்ல போட்டுறாதீங்க, அதுவும் திரிச்சு விட்டுரும்.

இப்ப கிளாஸ்ல சீனி, அது மேல டிகாஷன், அப்புறம் சூடா பால். செங்கல் நிறம் வந்தா நிறுத்திருங்க, ஸ்ட்ராங்கா வேணும்னா டிகாஷன் கொஞ்சூண்டு கூட. ஆத்துறத சோம்பேறித்தனப்பட்டு விட்டுறாதீங்க, ரெண்டு தடவை உயரத்துல இருந்து ஆத்துனாத்தான் சீனி கரைஞ்சு, காத்து கலந்து, நுரை கட்டி, நாக்கு பொறுக்குற சூட்டுக்கு வரும். ஸ்பூன் போட்டு கலக்குனா அந்த மென்மை வராது.

ஒண்ணு மட்டும், சாப்பிட்ட கையோட டீ வேணாம், சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேர விடாம பண்ணிரும். ரத்தம் கம்மியா இருக்கறவங்க ஒரு மணி நேரமாச்சும் இடைவெளி விடுங்க.

புதுத்துணிய முதல்ல கொஞ்சம் பழைய டீத்தூள் போட்டு தண்ணில கொதிக்க வச்சு எடுங்க, கஞ்சி வாசம் போயிரும். தினமும் சக்கைய உதறிட்டு வெந்நீர்ல அலசி வெயில்ல காயப்போட்டா போதும், சோப்பு போட்டீங்கன்னா அந்த வாசம் அடுத்தடுத்த டீல எல்லாம் வரும். நூல் பிரிஞ்சு தூள் கீழ இறங்க ஆரம்பிச்சா துணிய மாத்திருங்க.