ஏர் ப்யூரிஃபையர் வாங்கும் முன்

பெரிய கட்டடங்களில் ஏசி, டக்ட் (காற்று போகிற குழாய்) பராமரிப்பதுதான் என் பிழைப்பு. "எங்க ரூமுக்கு எந்த ஏர் ப்யூரிஃபையர் நல்லது?" என்று யார் கேட்டாலும் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: உங்களுக்கு எங்கே போனால் சரியாகிறது?

மதியத்துக்கு மேல் அலுவலகத்தில் தலை பாரமாகி, கண் எரிந்து, வெளியே போய் அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் கோளாறு பெரும்பாலும் கட்டடத்தில் இருக்கிறது. எழுந்திருக்கும்போதே மூக்கடைப்பு, வீட்டை விட்டுக் கிளம்பியதும் குறைகிறது என்றால் படுக்கையறையைத்தான் சந்தேகப்பட வேண்டும். அடுப்பு எரியும்போது மட்டும் இருமல் என்றால் சொல்லவே வேண்டாம். எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். அது என் வேலை இல்லை.

ஒரு வாரம் சின்னதாகக் குறித்து வையுங்கள்: எந்த அறை, எத்தனை மணி, ஜன்னல் திறந்திருந்ததா, வேறு யாருக்கும் அப்படி இருந்ததா. ஒரே வரிசையில் உட்காருகிற மூன்று பேருக்குத் தொண்டை கரகரப்பு என்றால், நான் முதலில் ஏணி போடுவது அந்த வரிசைக்கு மேலே ஏசி காற்று வருகிற கிரில்லுக்குத்தான்.

வேலையின் வரிசை இதுதான்: அசுத்தம் எங்கிருந்து வருகிறதோ அதை முதலில் நிறுத்துவது, அப்புறம் காற்று வந்து போக வழி செய்வது, மிச்சத்துக்கு ஃபில்ட்டர். ஆட்கள் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். கடையில் விற்பது அது ஒன்றுதானே!

காற்றோட்டத்திலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் குழப்பம் அதிகம். வீட்டில் மாட்டுகிற சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. நாம் விடுகிற மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு. எட்டுப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சிறிய மீட்டிங் அறையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 1500ஐத் தாண்டிவிடும். அந்த அளவில் வாயு விஷமாகிவிடாது. ஆனால் அறையில் எவ்வளவு பழைய மூச்சு தேங்கியிருக்கிறது என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கும். அடுத்தவர் சளியும் அதே காற்றில்தான் சுற்றுகிறது. மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் என்கிற ஜெர்மானியர் 1858லேயே 1000 பிபிஎம்மை எல்லையாகச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் கை அந்த எண்ணுக்குத்தான் போகிறது.

2015இல் ஹார்வர்ட் ஆட்கள் 24 பேரை ஓர் அலுவலகத்தில் உட்காரவைத்து, அவர்களுக்குச் சொல்லாமலேயே காற்றை மாற்றிப் பார்த்தார்கள். நல்ல காற்றோட்டம் இருந்த நாட்களோடு ஒப்பிட்டால், 1400 பிபிஎம் இருந்த நாளில் முடிவெடுக்கும் திறனுக்கான மதிப்பெண் பாதியாகக் குறைந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்விலும் இந்த அளவுக்கு விளைவு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் 1400ஐக் காட்டுகிற அறையில் நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

அளக்க மீட்டர் வாங்குவதென்றால் பெட்டியில் 'என்டிஐஆர்' (NDIR, அகச்சிவப்பு ஒளியால் அளப்பது) சென்சார் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மலிவான சில மீட்டர்கள் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. காற்றில் இருக்கிற ரசாயன வாடையை வைத்து ஓர் எண்ணைக் கணக்குப் போட்டுக் காட்டும். கண்டுபிடிப்பது சுலபம். ஹேண்ட் சானிடைசரை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, கையை மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். எண் 600லிருந்து 2000க்குத் தாவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல மீட்டரை முதலில் வெளியே கொஞ்ச நேரம் வைத்தால் 420, 450 என்று நிற்கும். பிறகு அறையில், உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில் வையுங்கள். மூக்கு நேரே வைத்தால் உங்கள் மூச்சைத்தான் அளக்கும்.

எண் ஏறுகிறதா? கதவை ஒருக்களித்து வைத்தாலே பாதி இறங்குவதைப் பார்ப்பீர்கள். எதிரெதிர் ஜன்னல் இருந்தால் இரண்டையும் திறந்துவிடுங்கள். ஒரே ஜன்னல்தான் என்றால் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்க்கவைத்து ஓடவிடுங்கள். அது உள்காற்றைத் தள்ளும், கதவிடுக்கு வழியாகப் புதுக்காற்று வரும்.

அலுவலகத்தில் ஜன்னல் உங்கள் கையில் இருக்காது. பராமரிப்பு ஆட்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஃப்ரெஷ் ஏர் டேம்பர் (வெளிக்காற்றை உள்ளே விடுகிற மூடி) எவ்வளவு திறந்திருக்கிறது, ஃபில்ட்டர் என்ன கிரேடு, கடைசியாக எப்போது மாற்றினீர்கள். (மூன்றாகிவிட்டது, பரவாயில்லை.) கிரேடுக்கு மெர்வ் 13 (மெர்வ் என்பது ஃபில்ட்டரின் தர அளவு) என்று பதில் வந்தால் சந்தோஷம். டேம்பர் பற்றிய கேள்விக்கு யாராவது முழித்தால் விஷயம் அங்கேதான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தால் டேம்பர் கைப்பிடியை மூடிய நிலையில் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருப்பார்கள். கம்பி மேல் ஒட்டடை படிந்திருக்கும். வெளிக்காற்றைக் குளிரவைக்க மின்சாரம் செலவாகும், அதனால் யாரோ எப்போதோ கட்டியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் இதையே விதியாகச் செய்தார்கள்: ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று குறைத்தார்கள். கட்டடங்களில் தலைவலிப் புகார் பெருகியது. 1989இல் அலுவலகங்களுக்கு அதை 20 ஆக்கினார்கள்.

அடுத்தது ஈரம். ஓதம் ஏறிய சுவருக்குப் பெயின்ட் அடித்து மூடுவதைப் போல வீண் செலவு கிடையாது. கசிவு எங்கே என்று பிடித்து அடைக்கிறவரை பூசணம் திரும்பத் திரும்ப வரும். வெளிச்சுவரை ஒட்டிப் போட்டிருக்கிற பீரோவை நாலு விரல் இடைவெளிக்கு நகர்த்திப் பாருங்கள். கருப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் காலை மூக்கடைப்புக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். நனைந்த மெத்தை, கார்ப்பெட் எதுவானாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்தாக வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஐம்பதுக்குக் கீழே என்றால் தூசிப்பூச்சியும் குறையும். ரொம்பவும் குறைந்து 30க்குக் கீழே போனால் தொண்டை வறளும்.

ஏசியின் வலை ஃபில்ட்டரைக் கழுவுகிறவர்கள்கூட உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை. ஃபில்ட்டரை எடுத்துவிட்டு, உருளை மாதிரி சுற்றுகிற ப்ளோயர் பிளேடுகளைப் பாருங்கள். அதில் கருப்பு மொட்டு மொட்டாக அப்பியிருக்கும். கீழே தண்ணீர் வடிகிற தட்டில் வழுவழுவென்று ஒரு படலம். ஏசி போட்ட முதல் நிமிடம் ஈரச்சாக்கு நாற்றம் வருவது அங்கிருந்துதான். வாசனை ஸ்ப்ரே அடித்தால் போகாது, ஆளைக் கூப்பிட்டு வாட்டர் சர்வீஸ் செய்ய வேண்டும்.

சமையலறைக்கு வருவோம். எண்ணெய் புகைய வறுத்தால் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்) மீட்டர் நூற்றுக்கணக்கில் ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த எல்லை 24 மணி நேரச் சராசரிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம். சிம்னியின் குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள். கரி ஃபில்ட்டர் வழியாகக் காற்றை அறைக்குள்ளேயே திரும்ப விடுகிற மாடல் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் பிடிக்கும், அடுப்பு வாயுக்களை அப்படியே விட்டுவிடும். சிம்னிக்கு நேர் கீழே வருகிற பின் பர்னரில் சமையுங்கள், முடிந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ தாளைக் கிரில்லில் வைத்தால் போதும். ஒட்டிக்கொண்டால் சரி. விழுந்தால், சத்தம் மட்டும் போடுகிறது என்று அர்த்தம். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டால் நல்ல ஃபேனும் இழுக்காது. வெளியே போகிற அளவுக்கு உள்ளே வர வழி வேண்டும்.

இது தனி: மூடிய குளியலறையில் கேஸ் ஹீட்டர், அறைக்குள் கரி அடுப்பு. இவை விடுகிற கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரும் உடனே வெளியேறி, அவசர உதவியைக் கூப்பிடுங்கள். எரிகிற எந்தச் சாதனம் இருக்கிற வீட்டிலும் இதற்கென்று அலாரம் கட்டாயம்.

புது அலமாரியின் பலகை வாடையில் ஃபார்மால்டிஹைடு என்கிற எரிச்சலூட்டும் வாயு இருக்கலாம். முதல் சில வாரம் அதைத் திறந்துபோட்டு ஆறவிடுங்கள். கொசுவர்த்திக்குப் பதில் ஜன்னலுக்கு வலை. ஒரு கொசுவர்த்தி எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் அளந்திருக்கிறார்கள். ப்ளீச்சை வேறு எந்தக் கழுவு திரவத்தோடும் கலக்காதீர்கள். தொட்டிச் செடி கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்: காற்றைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும் என்று 2019இல் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, வெளியே புகையும் தூசியுமாக இருந்து ஜன்னலைத் திறக்க முடியாத நிலை என்றால், மெஷின் வாங்குங்கள். ஹெப்பா ஃபில்ட்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடையோ மோனாக்சைடையோ தொடாது. பெட்டியில் 'சிஏடிஆர்' (CADR, மெஷின் சுத்தமான காற்றைத் தருகிற வேகம்) என்று ஓர் எண் இருக்கும்; நிமிடத்துக்குக் கன அடியில் அது அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். அந்த எண் முழு வேகத்தில் எடுத்தது. இரவில் சத்தம் தாங்காமல் குறைத்து வைப்பீர்கள் என்பதால் ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள். ஓசோன் விடுகிற மெஷின் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், ஓசோன் நுரையீரலை அரிக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் மூலையில் ஒளித்து வைக்காமல் சுற்றிலும் ஓர் அடி இடம் விட்டு வையுங்கள். ஹெப்பாவைத் தண்ணீரில் அலசிக் காயவைத்துத் திரும்ப மாட்டுகிற பழக்கம் வேண்டாம். கழுவலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் ஒழிய, இழை கெட்டுத் துகளை விட்டுவிடும்.