தாளத்தை வைத்துக் கோபத்தைக் கையாளப் பழக்குவது: தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கான செய்முறை

மெல்லிசையைப் போட்டுவிட்டால் வகுப்பு அடங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் நடப்பது வேறு: பாட்டுக்கு மேலே பேசுவதற்காகப் பிள்ளைகள் குரலை உயர்த்துவார்கள், சத்தம் கூடும். ஒரு பிள்ளைக்குத் தன்னை அடக்கும் திறன் வளர்வது, வேகமாக அடித்துக்கொண்டிருக்கும் கையைச் சட்டென்று தானே நிறுத்தும் கணத்தில். அப்படிப்பட்ட கணங்களை 20 நிமிடத்துக்குள் எத்தனை முறை உண்டாக்கலாம் என்பதுதான் இந்தப் பயிற்சி. 3, 4, 5-ஆம் வகுப்புகளுக்குப் பொருந்தும். வாரத்துக்கு 3 நாள் போதும். ஆசிரியருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தேவையானவை

கைபேசியில் இலவச மெட்ரோனோம் (சீரான வேகத்தில் டிக், டிக் என்று ஒலிக்கும்) ஆப் ஒன்று. ஆளுக்கு இரண்டு காகிதக் கோல்கள்: செய்தித்தாள் 6 தாளை இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் டேப் ஒட்டினால் கோல் தயார். மரக்கோலாட்டக் குச்சி வேண்டாம். 30 பேர் சேர்ந்து அடித்தால் தகரக் கூரை வகுப்பில் காது வலிக்கும், விரலிலும் படும். வட்டமாகத் தரையில் உட்கார வையுங்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகே கோலைக் கொடுங்கள். முதலிலேயே கொடுத்துவிட்டால் நீங்கள் சொல்வது எதுவும் யார் காதிலும் விழாது.

படி 1: ஒரே துடிப்பு (3 நிமிடம்)

மெட்ரோனோமை 80-இல், அதாவது நிமிடத்துக்கு 80 துடிப்பில் வையுங்கள். கர்நாடக இசையின் ஆதி தாளத்தைத் தொடையில் போடுங்கள்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேலே திருப்புவது), தட்டு, வீச்சு. மொத்தம் 8 எண்ணிக்கை. வெறும் கைதட்டலாகச் செய்தால் இரண்டாவது சுற்றிலேயே வேகம் ஏறிவிடும். ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கைக்கு வேலை இல்லாததால் பிள்ளைகள் அவசரப்படுவார்கள். விரல் எண்ணுவதும் கையை வீசுவதும் அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

படி 2: அடி, நில் (5 நிமிடம்)

விரிந்த உள்ளங்கை என்றால் அடிக்கலாம். மூடிய கை என்றால் நிறுத்த வேண்டும். வாயால் ஒன்றும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் உங்கள் கையைக் கவனிப்பதே பயிற்சியின் பாதி.

முதலில் ஒழுங்காக, 8 எண்ணிக்கை அடி, 4 எண்ணிக்கை அமைதி. இரண்டு நிமிடம் கழித்து ஒழுங்கைக் கலையுங்கள்: 5 எண்ணிக்கையில் நிறுத்துங்கள், பிறகு 11, பிறகு 2. அடுத்த வாரம் சைகையைத் தலைகீழாக்குங்கள்: மூடிய கைக்கு அடி, விரிந்த கைக்கு அமைதி. பழகிய செயலை அடக்கிவிட்டுப் புதியதைச் செய்யும்போதுதான் தன்கட்டுப்பாட்டுக்கு உண்மையான வேலை கிடைக்கிறது.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: தப்பாக அடித்த பிள்ளையை "அவுட்" என்று உட்கார வைப்பது. நிறுத்த முடியாத பிள்ளைக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை. அவனை வெளியே அனுப்பினால் ஏற்கெனவே நன்றாகச் செய்பவர்கள் மட்டுமே மேலும் பழகுவார்கள். யாரையும் நீக்க வேண்டாம். நிறுத்தத் திணறும் பிள்ளையிடமே அடுத்த சுற்றில் சைகை காட்டும் பொறுப்பைக் கொடுங்கள்.

படி 3: இறங்கு படிக்கட்டு (3 நிமிடம்)

விளையாட்டு பீரியட் முடிந்து மூச்சிரைக்க வந்தவர்களிடம் உடனே மெதுவான தாளத்தைத் திணித்தால் ஒட்டாது. முதலில் அவர்கள் இருக்கும் வேகத்துக்கு நாம் போக வேண்டும், பிறகு சேர்ந்து இறங்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா அல்ட்ஷுலர் 1948-இல் எழுதிய இந்த முறை இன்றும் இசை சிகிச்சையில் புழங்குகிறது.

மெட்ரோனோமை 120-இல் தொடங்கி, 16 எண்ணிக்கைக்கு ஒருமுறை 10 குறைத்து 60 வரை வாருங்கள். மொத்தம் ஏறக்குறைய 80 நொடி ஆகும். வேகத்தோடு சத்தமும் குறைய வேண்டும்: கோல், பிறகு உள்ளங்கை, பிறகு இரண்டு விரல், கடைசியில் ஒரு விரல் நுனி. 120-இலிருந்து ஒரே தாவலில் 60-க்கு வந்தால் பிள்ளைகள் சிரித்துக் கலைந்துவிடுவார்கள்.

60-இல் நின்றதும் மூச்சு: 4 எண்ணிக்கை உள்ளே, 6 எண்ணிக்கை "ம்" என்று ரீங்கரித்தபடி வெளியே. 6 முறை செய்தால் ஒரு நிமிடம். மூச்சை அடக்கிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். சளி, இளைப்பு உள்ளவர்களுக்கு 3 உள்ளே, 4 வெளியே போதும்.

படி 4: கேள்வியும் பதிலும் (5 நிமிடம்)

இருவர் இருவராக எதிரெதிரே உட்காரட்டும். ஒருவர் 4 எண்ணிக்கைக்குள் "தகதிமி தகஜொணு" என்ற சொற்கட்டை (தாளத்துக்கான ஒலிச் சொற்கள்) சொல்லி அடிக்க, மற்றவர் அதையே திருப்பி அடிக்க வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து பதில் அவரவர் சொந்தச் சொற்கட்டாக இருக்கலாம், ஆனால் 4 எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. அந்த எல்லை இல்லையென்றால் வாயாடிப் பிள்ளை முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். நெருங்கிய தோழர்களை ஜோடி சேர்க்காதீர்கள். கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம், எதிராளியின் கையைப் பார்த்தால் போதும்.

சேர்ந்து இசைப்பதால் பிள்ளைகளுக்கிடையே உதவும் குணம் கூடுமா? லைப்சிக் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் கிர்ஷ்னரும் டொமசெல்லோவும் 4 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. சேர்ந்து பாடி, அடித்து விளையாடிய ஜோடிகள், இசை இல்லாமல் அதே விளையாட்டை ஆடியவர்களைவிட ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள்.

படி 5: உணர்ச்சிக்குப் பெயர் (4 நிமிடம்)

ஒருவர் முன்னால் வந்து அதே "தகதிமி"யை ஓர் உணர்ச்சியில் அடிக்க, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். விட்டால் எல்லாமே கோபம், சோகம், சந்தோஷம் என்று மூன்றில் முடிந்துவிடும். எரிச்சல், ஏமாற்றம், கூச்சம், பொறாமை, பதற்றம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி எடுக்கச் சொல்லுங்கள். எரிச்சலை ஒருவர் சத்தமாகவும் இன்னொருவர் பல்லைக் கடித்தபடி மெதுவாகவும் அடிப்பார், இரண்டும் சரி. "இது வரும்போது உடம்பில் எங்கே தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். யாருக்கு, எப்போது, வீட்டில் என்ன நடந்தது என்று கிளறாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

காதைப் பொத்தும் பிள்ளையை வட்டத்தின் ஓரத்தில், வாசலருகே உட்கார வையுங்கள். எப்போது சேர்வது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். காது கேளாத பிள்ளை இருந்தால் மர பெஞ்சில் அடியுங்கள், கையை வைத்தால் அதிர்வு தெரியும்.

சண்டை நடக்கும்போது இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். கொதிப்பில் இருக்கும் பிள்ளையிடம் "வா, தாளம் போடு" என்றால் அது தண்டனையாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல், உங்கள் தொடையில் நீங்கள் மட்டும் மெதுவாகத் தட்டுங்கள். அமைதியான நாட்களில் ஐந்தாறு வாரம் பழகிய பிள்ளையாக இருந்தால், சற்று நேரத்தில் அதன் விரலும் சேர்ந்துகொள்ள வாய்ப்புண்டு. சேராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். நடந்ததைப் பற்றிய பேச்சை, மூச்சு சீரான பிறகு தொடங்குங்கள்.