ஆசிரியர்களுக்கு ஆதரவளிக்க முனையும் பல்கலைக்கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வு நல்கை வழங்குவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூத்தவர்களை வழிகாட்டிகளாக அமர்த்துவது, சிறப்பாகக் கற்பிப்பவர்களுக்கு விருது அளிப்பது ஆகிய மூன்றும் இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. அப்படியிருந்தும், ஆர்வத்தோடு பணியில் சேர்ந்த பலர் சில ஆண்டுகளிலேயே ஆய்வை ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். நன்றாகக் கற்பித்துவந்தவர்களும் அதற்காகச் செலவிடும் உழைப்பை மெல்லக் குறைத்துக்கொள்கிறார்கள். தொகையை ஒதுக்குவதும் திட்டத்தை அறிவிப்பதும் நிர்வாகத்திற்கு எளிய வேலைகள். ஆசிரியருக்கு உண்மையில் தேவைப்படும் நேரத்தையும், அச்சமின்றிப் பேசும் வாய்ப்பையும், பதவி உயர்வில் உரிய மதிப்பையும் தருவதற்கு நிர்வாகம் தன் பழக்கங்களையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நிகழ்கின்றன.

முதலாவது, பணத்தைக் கொடுத்துவிட்டு நேரத்தைக் கொடுக்காமல் இருப்பது. நல்கை கிடைத்த ஆசிரியருக்கு வாரத்தில் நடத்த வேண்டிய வகுப்புகளின் எண்ணிக்கை குறைவதில்லை; தேர்வுப் பணியும் சேர்க்கைக் குழுப் பணியும் முன்பு போலவே தொடர்கின்றன. அவற்றோடு ஆய்வுக்கான ஆளெடுப்பு, கருவிக் கொள்முதல், கணக்கு ஒப்படைப்பு, பயன்பாட்டுச் சான்றிதழ் என்று புதிய வேலைகளும் சேர்கின்றன. ஒரு கருவிக்கான கோப்பு அலுவலகத்திற்கும் நிதிப் பிரிவுக்கும் இடையே மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, நிதியாண்டு முடியும் நேரத்தில் ‘செலவழிக்கப்படாத தொகையைத் திருப்பிச் செலுத்துக’ என்ற கடிதமாக வந்து நிற்பதைப் பலரும் அறிவார்கள். நல்கை ஆணையிலேயே எந்தப் பருவத்தில் எந்த வகுப்பிலிருந்து விடுவிப்பு, அந்த வகுப்பை யார் எடுப்பார், கொள்முதலையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் அலுவலர் யார் என்பதைக் குறிப்பிட்டுவிட வேண்டும். விடுவிப்புக்குத் தனியாக நிதி ஒதுக்காவிட்டால் அந்தச் சுமை பக்கத்து அறையிலிருக்கும் சக ஆசிரியர் மீது விழும். நல்கை பெற்றவர் மீது துறைக்குள் மனக்கசப்பு வளர்வதற்கு அதுவே போதுமான காரணமாகிவிடுகிறது.

விண்ணப்பிப்பதற்கே ஆகும் உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுக் குழுவின் 2012ஆம் ஆண்டுத் திட்டத்திற்கு வந்த 3,727 விண்ணப்பங்களைத் தயாரிக்க ஆய்வாளர்கள் ஏறத்தாழ 550 ஆண்டுகளுக்குச் சமமான வேலை நேரத்தைச் செலவிட்டதாக ஒரு மதிப்பீடு வெளிவந்தது. அவற்றில் நிதி பெற்றவை 20.5 விழுக்காடு மட்டுமே. பெரிய தேசிய நல்கையின் படிவத்தை அப்படியே நகலெடுத்து, உள்ளூர்த் தொடக்க நல்கைக்கும் முப்பது பக்கம் கேட்கும் பல்கலைக்கழகங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சிறு தொகைக்கு இரண்டு பக்கச் சுருக்கம் போதும். அதில் தேறியவர்களிடம் மட்டும் விரிவான திட்டம் கேட்கலாம்.

ஏற்கெனவே நிதி பெற்றவருக்கே மீண்டும் மீண்டும் நிதி போய்ச் சேருவது அடுத்த சிக்கல். புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் சேரும் போக்கை ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1968இல் விளக்கினார். நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களுக்கான நல்கைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு அந்தப் போக்கை எண்களால் காட்டியது. தேர்வுக் கோட்டிற்குச் சற்று மேலே இருந்து நல்கை பெற்றவர்கள், சற்றுக் கீழே இருந்து தவறவிட்டவர்களைக் காட்டிலும் அடுத்த எட்டு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் அதிகமான நிதியைப் பெற்றிருந்தார்கள். இத்தனைக்கும் இரு தரப்பினரின் மதிப்பெண்களும் கிட்டத்தட்ட ஒன்றே. இந்த இடைவெளிக்கு ஒரு காரணம், தவறவிட்டவர்கள் அதன்பின் விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டதுதான் என்ற முடிவு என்னை மிகவும் வருத்துகிறது. ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டுத் தேர்வாகவில்லை’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தை அனுப்பிவிட்டு அமைதியாகிவிடும் அலுவலகம், தகுதியுள்ள ஓர் ஆய்வாளரைத் தன்னை அறியாமலே வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. மதிப்பீட்டாளர்களின் கருத்துகளை முழுமையாகக் கொடுப்பதும், அவற்றை வைத்துக்கொண்டு மூத்தவர் ஒருவரோடு அமர்ந்து விண்ணப்பத்தைத் திருத்த ஏற்பாடு செய்வதும், மறுமுறை விண்ணப்பிக்கச் சிறு இடைக்கால நிதி தருவதும் நிராகரிப்பின் பாதிப்பைப் பெருமளவு குறைக்கும். கோட்டிற்கு அருகில் இருக்கும் விண்ணப்பங்களைத் துல்லியமாகத் தரம் பிரிக்க முடியும் என்று நம்புவதும் தவறு. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வுக் குழு, புதுமையான ஆய்வுகளுக்கான ஒரு நல்கையில், அடிப்படைத் தகுதி உள்ள விண்ணப்பங்களிடையே குலுக்கல் முறையை 2013இல் கொண்டுவந்தது. எல்லோருக்கும் இந்த முறை பிடிக்காது. ஆனாலும், 71.2 பெற்றவருக்குக் கொடுத்து 71.0 பெற்றவருக்கு மறுப்பதில் இல்லாத நேர்மை குலுக்கலில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

வழிகாட்டுதலுக்கு வருவோம். துறைத் தலைவரையே வழிகாட்டியாக அமர்த்துவதுதான் இதில் மிகப் பெரிய தவறு. பணி நிரந்தரத்திற்குக் குறிப்பு எழுதுபவரும், விடுப்புக்கு ஒப்புதல் தருபவரும், அடுத்த பருவத்தின் கால அட்டவணையை வகுப்பவரும் அவரே என்னும்போது, ‘எனக்கு இந்தப் பாடம் நடத்த வரவில்லை’, ‘என் ஆய்வு ஓராண்டாக நகரவில்லை’ என்று எந்த இளம் ஆசிரியரும் அவரிடம் சொல்ல மாட்டார். குறையை மறைத்துக்கொண்டு நடத்தப்படும் வழிகாட்டல் சந்திப்பு, இரு தரப்பும் தேநீர் அருந்திவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடும் சடங்காக முடிந்துவிடுகிறது. வழிகாட்டி வேறு துறையைச் சேர்ந்தவராகவோ, அதே துறையில் இருந்தாலும் மதிப்பீட்டில் எந்தப் பங்கும் இல்லாதவராகவோ இருப்பதே நல்லது. அங்கே பேசப்படுவது வேறெங்கும் பதிவாகாது என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும். பொருந்தாத இணையை எந்த விளக்கமும் கேட்காமல் மாற்றிக்கொள்ளும் வழியும் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவரின் மனம் புண்படுமோ என்ற தயக்கத்திலேயே ஆண்டுகள் போய்விடும்.

ஆய்வு, வகுப்பறை, குடும்பப் பொறுப்பு, அலுவலக நடைமுறை என எல்லாவற்றுக்கும் ஒரே மனிதர் வழிகாட்ட முடியும் என்ற எதிர்பார்ப்பையும் விட்டுவிட வேண்டும். அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2004இல் இளம் பெண் பொருளியலாளர்களுக்கு ஒரு பட்டறையைத் தொடங்கியது. விண்ணப்பித்தவர்களில் கலந்துகொள்பவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதால் அதன் பயனை நம்பகமாக அளவிட முடிந்தது. கலந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகக் கட்டுரைகளை வெளியிட்டதும், அதிக நல்கைகளைப் பெற்றதும் பின்னர் தெரியவந்தன. சில மூத்தவர்களும் ஒத்த நிலையிலுள்ள சில இளையவர்களும் சிறு குழுவாக அமர்ந்து, ஒருவர் எழுத்தை மற்றவர் படித்துத் திருத்தியதே அங்கு நடந்தது. வழிகாட்டும் மூத்தவரின் நேரமும் பணிச்சுமைக் கணக்கில் வர வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கற்பித்தலை அங்கீகரிப்பதில், மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தின் சராசரி எண்ணை மட்டும் நம்புவது பரவலாக உள்ள தவறு. ஓர் இணையவழிப் பாடத்தில், உதவி ஆசிரியர்கள் மாணவர்களின் முகம் பாராமலே கற்பித்த சூழலில், பெயரை மாற்றி ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் அறிமுகப்படுத்தி நடத்திய சோதனை 2015இல் வெளியானது. அது சிறிய ஆய்வுதான். ஆயினும், விடைத்தாள்கள் ஒரே வேகத்தில் திருத்தித் தரப்பட்டிருந்தபோதும், ‘குறித்த நேரத்தில் தருகிறார்’ என்ற கேள்விக்கு ஆண் பெயர் கொண்டவருக்கே கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து மறுபடியும் கணக்கிட்டு 2017இல் வெளியிடப்பட்ட ஒரு பகுப்பாய்வு, மாணவர் தரும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் உண்மையில் கற்ற அளவுக்கும் தொடர்பு இல்லை என்றது. மாணவர் குரலை ஒதுக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ‘எது புரிந்தது, எங்கே தடுமாறினீர்கள்’ என்று எழுத்தில் கேட்கலாம். பாடத்திட்டம், வினாத்தாள், திருத்திய விடைத்தாள் ஆகியவற்றைச் சக ஆசிரியர் இருவர் பார்த்துக் கருத்துரைக்கலாம். வகுப்பை ஒருமுறைக்கு மேல் நேரில் கவனிக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால், கடினமான பாடத்தை ஏற்பவரும் மதிப்பெண்ணைத் தாராளமாக வழங்காதவரும் தண்டனை பெறுவார்கள்.

விருது கொடுத்துவிட்டால் அங்கீகாரம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருவருக்குப் பொன்னாடையும் கேடயமும் கிடைக்கின்றன. ஆனால் பதவி உயர்வுக் குழு கூடும்போது கட்டுரைகளின் எண்ணிக்கையும் ஆய்விதழின் தாக்கக் காரணியும் (அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) மட்டுமே மேசைக்கு வருகின்றன. ஓர் ஆய்விதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரின் தகுதியை அளக்கக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவாகி 2013இல் வெளியான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் சொல்கிறது. அதில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் ஏராளம். கையெழுத்திட்ட பின் தங்கள் பதவி உயர்வு விண்ணப்பப் படிவத்தில் தாக்கக் காரணிக்கான கட்டத்தை நீக்கிவிட்டார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். புதிய பாடம் வடிவமைத்தது, பின்தங்கிய மாணவர்களைத் தேற்றியது, ஆய்வு மாணவர்களைக் குறித்த காலத்தில் பட்டம் பெறச் செய்தது ஆகியவற்றுக்குப் பதவி உயர்வுப் படிவத்தில் இடமும் மதிப்பெண்ணும் இருந்தால், விருது விழாவே நடக்காவிட்டாலும் ஆசிரியர்கள் கற்பித்தலில் அக்கறை காட்டுவார்கள்.

இந்த மூன்று ஏற்பாடுகளிலும் ஒரு பகுதியினர் முழுவதுமாக விடுபட்டுப்போகிறார்கள். வகுப்புகளில் பெரும் பங்கை நடத்தும் ஒப்பந்த ஆசிரியர்களும் மதிப்பூதிய விரிவுரையாளர்களும் பல இடங்களில் நல்கைக்கு விண்ணப்பிக்கவே தகுதியற்றவர்கள். அவர்களுக்கு வழிகாட்டி கிடையாது. விருதுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வருவதில்லை. தகுதி விதியில் உள்ள ‘நிரந்தரப் பணியிலுள்ள’ என்ற சொற்களை நீக்கிவிட்டு, ஒப்பந்தக் காலத்திற்குள் முடிக்கக்கூடிய ஓராண்டு நல்கை ஒன்றையாவது அவர்களுக்கெனத் தொடங்குவது, அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்திலேயே தீர்மானிக்கக்கூடிய செயல்.